வாயிலிருந்து கையை எடு

வாசலில் அழைப்பு மணி அடித்த பிறகுதான் பிள்ளை வளர்க்கத் தொடங்கும் ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்த இனம்தான். வெளியாள் இல்லாத நேரத்தில் இவர் வீட்டுக் குழந்தை கட்டைவிரலைச் சூப்பலாம், காது மடலைத் திருகலாம், அப்பாவின் பழைய பனியனை முகர்ந்துகொண்டே வீடெல்லாம் இழுத்துத் திரியலாம். இவர் கண்டுகொள்ள மாட்டார். கண்டுகொண்டாலும், ‘அப்பாடா, சத்தமில்லை’ என்று டிவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். மணி அடிக்கட்டும். குடும்ப மானம் முழுவதும் அந்தச் சின்ன விரலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

என் தங்கையின் கணவர் இந்த இனத்தில் முதல் தரம். பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. விரல் சூப்பும் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துவரும் தாய்மார்களிடம் கீழே அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமே.

“திட்டாதீங்கம்மா. பயமோ தூக்கமோ வந்தா வாயில வைக்குது, அவ்வளவுதான். கையில ஏதாவது விளையாட்டுச் சாமான் குடுங்க, மடியில வச்சுக்கங்க. பெரும்பாலும் நாலு வயசுக்குள்ள தானா விட்டுடும்.”

தேன் ஒழுகும். அந்தத் தேன் மாடிப்படி ஏறியதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது பல் டாக்டர்கள் சங்கத் தலைவர் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தங்கையின் மூன்று வயது மகள் சோபா ஓரத்தில் தூக்கத்தில் சொக்கும் கண்களோடு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். தலைவர் கவனிக்கவே இல்லை. அவருக்குப் பிஸ்கட்டில் மும்முரம். நம்மவர் விடுவாரா?

“பாப்பா, வாயிலருந்து கையை எடு. சார் பாக்கறார் பாரு. இவ இப்படிப் பண்ணவே மாட்டா சார், இன்னிக்கு என்னமோ...”

சார் பார்த்தார். நான் பார்த்தேன். குழந்தை மெல்ல இறங்கி ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. உள்ளேயிருந்து சப்சப்பென்று சத்தம் வந்தது. அதுவரை வெறும் பழக்கமாக இருந்ததை ஒளிந்து செய்யக் கற்றுக்கொடுத்தாயிற்று.

தலைவர் கிளம்பியதும் கசப்பு மருந்துப் புட்டி வெளியே வந்தது.

“விடுங்களேன், அவளுக்குத் தூக்கம் வருது” என்றாள் தங்கை.

“நீ சும்மா இரு. பல் டாக்டர் பொண்ணே விரல் சூப்பறான்னா நாளைக்கு என்கிட்ட யாரு வருவா?”

மருந்தைத் தன் விரலாலேயே தொட்டு, படுக்கையில் கிடந்த மகளின் கட்டைவிரலில் பூசிவிட்டு, என்ன ஆகிறது பார்ப்போம் என்று கட்டிலருகில் நின்றார். நின்றவருக்குக் கவலை. கவலை வந்தால் நகம் கடிப்பது டாக்டரின் வழக்கம். கடித்தார்.

அந்த முகம் போன போக்கை என்னவென்று சொல்ல? மகள் இன்னும் விரலை வாயருகே கொண்டுபோகவில்லை. அப்பாவின் வாயையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, தூக்கம் வருதா?”

திட்டவில்லை, யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவர் படுக்க இடம் விட்டு, சுவரோரமாக நகர்ந்துகொண்டாள். டாக்டர் போய்ப் படுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரமும் உங்கள் கை எங்கே இருந்தது? மீசையிலா, முடியிலா, மூக்கிலா? வெடுக்கென்று இறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் முதலிலேயே பார்த்துவிட்டார். பாவம், நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.