பொம்மக்காவுக்குக் கிடைத்த தனிப்பாதை

ஒரு காட்டில் பொம்மக்கா என்றொரு எருமை இருந்தாள். தினமும் காலையில் முயல், அணில், ஆமை என்று முப்பது பேரை முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போய் வருவது அவள் வேலை. வெயில் ஏறினால் குளத்து முதலை விழித்துக்கொள்ளும். அதற்குள் எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியாக வேண்டும்.

குளத்துக்கு இருந்ததோ ஒரே பாதை. பன்றிகள் குடும்பத்தோடு அதை அடைத்துக்கொண்டு நடக்கும். மயில்கள் நட்டநடுவில் நின்று கதை பேசும். குரங்குகள் இடப்பக்கமாகப் புகுந்து முந்தும். அப்படித்தான் ஒருநாள் பொம்மக்கா தாமதமாகப் போய்ச் சேர, முதலை ஒரு முயலைப் பிடித்துவிட்டது. எப்போதும் அவள் கொம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்காரும் முயல் அது. அன்றிலிருந்து அவளுக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை.

நேரே சிங்கராஜாவிடம் போனாள். "ராஜா, எங்களுக்குன்னு ஒரு தனிப்பாதை போட்டுக் குடுங்க."

ராஜா உருகிப்போய், தனிப்பாதை எப்படிப் போடுவதென்று பார்த்துவர நரி சபாநாயகத்தைத் தூரதேசத்துப் புல்வெளிக்கு அனுப்பினார். ஆறு மாதம் கழித்து நரி நன்றாகச் சதை போட்டுத் திரும்பியது.

"அங்கே ஒட்டகச்சிவிங்கிகள் தனிப்பாதையில் பறக்கின்றன, ராஜா! அதை அப்படியே கொண்டுவந்துவிட்டேன்."

பழைய பாதைக்குப் பக்கத்திலேயே புதுப்பாதை வந்தது. வழவழப்பான தரை, இருபுறமும் வேலி, நிழலுக்குப் பந்தல். திறப்புவிழா முடிந்த மறுநாள் பொம்மக்கா ஆசையாகப் போய் நிறுத்தத்தில் நின்றாள். பயணிகள் ஏறும் மேடை அவள் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. அங்கிருந்து முயல்கள் பரிதாபமாக எட்டிப் பார்த்தன.

நரியிடம் ஓடினாள். "ஐயா, இது ஒட்டகச்சிவிங்கிக்கு எடுத்த அளவு. நான் எருமை."

"கவலைப்படாதே அம்மா. உள்ளூர் நிலைமைக்குத் தக்கபடி மாற்றலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறேன்."

"அப்ப மேடையைக் கொஞ்சம் இறக்குங்களேன்."

"மேடை திட்டத்தைச் சேர்ந்தது. நீதான் உள்ளூர். நீ கொஞ்சம் உயரமாக வளரப் பாரேன்!"

உள்ளூர் நிலைமை என்ற சொல் காடு முழுக்கப் பரவியது. கிழங்குத் தோட்டத்துக்குப் போக வழியில்லை என்று பன்றிகள் மனு கொடுத்தன; வேலியில் இடைவெளி விடப்பட்டது. மயில்கள் நிழல் கேட்டன. பந்தலுக்கடியில் இடம் கிடைத்தது. குரங்குகள் அங்கேயே நாவற்பழக் கடை போட்டன. எல்லா மனுவிலும் நரி 'உள்ளூர் நிலைமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஒரே மாதத்தில் காடே புதுப்பாதையில்தான் இருந்தது.

பொம்மக்காவை மட்டும் வாசலிலேயே காவலுக்கு நின்ற செந்நாய் மறித்தது. "உயரம் பத்தாது. திரும்பிப் போ."

அவளுக்கு அழுகை முட்டியது. முதுகில் முப்பது பேர். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, நின்னு யோசிக்க நேரமில்ல. பழைய வழியிலயே போங்க," என்றது ஆமை.

திரும்பினாள். பழைய பாதையில் ஒரு ஈ, காக்கை இல்லை. பொம்மக்கா வாழ்க்கையில் முதன்முறையாக ஓடினாள். முயல்கள் காதையும் கொம்பையும் இறுகப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டன. குளத்தை அடைந்தபோது முதலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் வயிறாரக் குடித்தார்கள். ஆமை நிதானமாகக் குளித்துக்கூட முடித்தது.

அன்று மாலை பொம்மக்கா நரியைத் தேடிப் போனாள்.

"ஐயா, தனிப்பாதை ரொம்பப் பிரமாதம். இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துங்க. ஓரத்துல பூச்செடி வைங்க. ஒருத்தரும் அதை விட்டு வெளிய வரக்கூடாது பாருங்க."

நரிக்குக் கண் கலங்கியது. 'புதுப்பாதை வந்தபின் எருமையின் பயண நேரம் பாதியாகக் குறைந்துள்ளது' என்று ராஜாவுக்கு அறிக்கை எழுதியது. அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. மறுவாரமே பக்கத்துக் காட்டிலிருந்து, இதேபோல் ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்று நரிக்கு அழைப்பு வந்தது.

நீதி: பேருந்து வேகமாகப் போக வேண்டுமானால், மற்ற எல்லோருக்கும் ஒரு தனிப்பாதை போட்டுக்கொடுங்கள்.