ஆஷ்பிக்கு நான் ஒட்டிய மரண அறிவித்தல்

நல்ல காரியம் செய்யப்போகிறவர்கள் யாரிடமும் கேட்கக்கூடாது. கேட்டால் செய்ய விடமாட்டார்கள். இத்தாலியின் பலெர்மோவில் உயிரோடிருந்த ஒரு மனிதருக்கு நான் மரண அறிவித்தல் ஒட்டியது அப்படித்தான்.

பொலிதேயாமா பக்கம் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் எதோர்தோ ஆஷ்பி என்ற கிழவரைப் பராமரிக்கிற வேலை எனக்கு. அவருடைய முப்பாட்டன் இங்கிலாந்திலிருந்து வைன் வியாபாரத்துக்கு வந்தவராம். இவருக்கோ இங்கிலீஷில் 'குட் மோர்னிங்' மட்டும் வரும். (எனக்கு 'தாங்க் யூ'வும் வரும். அந்த வீட்டில் படித்தவள் நான்தான்.) பெண்சாதி பிள்ளை இல்லை. அந்தப் பெயரோடு இன்னொரு மனிதரைச் சாகுமுன் ஒருதரமாவது பார்த்துவிடவேண்டும், அதுதான் அவருடைய ஒரே ஆசை.

தேடித் தேடி ஒருவர் அகப்பட்டார். இங்கிலாந்திலிருக்கும் தூரத்துச் சொந்தம், அவரும் ஆஷ்பி. சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

"சனிக்கிழமை என்ர அப்பாவின்ர நினைவு நாளும்," என்று கிழவர் கண் கலங்கினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தில் ஒருவரின் பெயரோடு ஒட்டி நிற்பது தகப்பன் பெயர். இவர் எதோர்தோ ஆஷ்பி. ஆகவே தகப்பன் ஆஷ்பி. இதில் கேட்க என்ன இருக்கிறது? மாதா கோயிலில் பூசைக்குச் சொல்லிவிட்டு, கபோ சந்தைப் பக்கம் ஒரு அச்சகத்துக்குப் போனேன். இந்த ஊரிலும் ஆட்கள் செத்தால் கறுப்புக் கரை போட்ட தாளைச் சுவரில் ஒட்டுவார்கள்.

"ஆஷ்பி எண்டு மட்டும் போட்டால் காணுமோ?" என்று அச்சகக்காரன் கேட்டான்.

"காணும். ஊருக்கே தெரிஞ்ச மனிசன்," என்றேன். (நான் கண்டதே இல்லை.)

'ஆஷ்பி. கண்ணீருடன் நினைவுகூருகிறோம்.' வீட்டுக் கதவில் ஒன்று, தெருமுனையில் ஒன்று ஒட்டினேன்.

சனிக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால் படியெல்லாம் சனம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது இங்கேயும் உண்டு. கீழ்வீட்டு ரோசா ஒரு தட்டு நிறையப் பாஸ்தாவோடு அழுதுகொண்டு நின்றாள். கதவடியில் நெட்டையான ஒரு வெள்ளைக்காரர், காலடியில் பெட்டி, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"பிந்தி வந்திட்டன்," என்றார் உடைந்த இத்தாலியனில்.

எனக்கு விளங்குவதற்குள் கதவு திறந்தது. விடியவே டை கட்டிக் காத்திருந்த கிழவர் தலையை நீட்டி, "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

ரோசா தட்டோடு படியில் குந்திவிட்டாள்.

"நீங்கள்தான்," என்றேன். வேறென்ன சொல்ல?

ஆயுள் முழுக்கக் காத்திருந்து கிடைத்த ஒரே சொந்தத்தைப் படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன். வெள்ளைக்காரர் அறிவித்தலைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார்.

"இது என்ர பேரும்தானே," என்றார். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் செத்திருக்கிறம்."

கட்டிப்பிடித்தார்கள். விடவே இல்லை.

ரோசாவின் பாஸ்தாவைத் தின்றபடி வெள்ளைக்காரர் அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். ஆஷ் என்பது ஒரு மரம். பை என்றால் ஊர், கடல் கடந்து வந்த டேனிஷ்காரர் வைத்த சொல். ஊரிலேயே இருந்தவனை ஒருவரும் ஆஷ்பி என்று கூப்பிடவில்லையாம். விட்டுப் போனவனைத்தான், போன இடத்தில், அந்த ஊர்க்காரன் என்று அப்படிக் கூப்பிட்டார்களாம்.

கிழவர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார். "அந்த மரம் இன்னும் நிக்குதோ?"

"தெரியாது. நானும் அங்கை போனதில்லை."

பிறகு வெள்ளைக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்கட பேர் எந்த ஊர்?"

"ஊரில்லை. சவிரிமுத்து எண்டது என்ர ஐயா. மன்னார்ச் சேமக்காலையிலை புதைச்சுக் கிடக்கிறார். அவர் செத்த நேரம் என்ர கையிலை பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, இல்லை. போனால் திரும்பி வரேலாது, போகேலாமல் போச்சு. இஞ்சை எந்தக் கந்தோரிலையும் என்னைச் 'சவிரிமுத்து' எண்டுதான் கூப்பிடுவினம். நான் எழும்பி நிப்பன்."

இப்போது பகேரியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்தக் கதை பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். நான் வெளிக்கிட்டால் பல்கனியில் நின்று தெருவெல்லாம் கேட்கக் கத்துவார்கள்: "சவிரிமுத்து, இண்டைக்கு ஆருக்கு ஒட்டப் போறியள்?"

"பூட்டனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதோ, மரியாதை கெட்டதுகள்," என்று கீழே நின்று ஏசுவேன். ஆனால் ரெண்டு நாள் சத்தமில்லாமல் போனால், வீட்டைப் பூட்டுகிற திறப்பை மறந்ததுபோல மேசையில் விட்டுவிட்டு இறங்குவேன். பல்கனியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லத்தானே வேணும்.