கப்பலுக்கு லீவு

"பாஸ் இருக்கா?" என்று கேட்டார் துறைமுக வாசலில் நின்ற காவலர்.

துளசிராமன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பாஸுக்கு எங்கே போவது?

"சும்மா எட்டி நின்னு கப்பலப் பாத்துட்டு வந்துடறோம் சார்," என்று குழைந்தார்.

"கப்பலு இன்னா கோயில் யானையா, பாத்துட்டுப் போறதுக்கு? ஓரமா போ பெரியவரே, லாரி வருது."

துளசிராமன் பின்னால் திரும்பிப் பார்த்தார். போளூரிலிருந்து வந்திருந்த சுப்பராயனும் அவர் மனைவி சந்திரகலாவும் ஆவலோடு நின்றார்கள். பெண்ணைப் பெற்றவர்கள். அவர்களிடம்தான் துளசிராமன் தன்னை அசல் சென்னைக்காரர் என்று சொல்லி வைத்திருந்தார்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் போடுகிற மனுஷர். மகன் அன்புசெல்வன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். தங்கமான பையன். ஆனால் வெளியூரில் பெண் கேட்டுப் போன் போட்டால், "கும்மிடிப்பூண்டியா? அது ஆந்திராவுலயா இருக்கு?" என்று கேட்டு வைத்துவிடுகிறார்கள். பையனுக்கு நெற்றி மேலே ஏறத் தொடங்கிவிட்டது. கல்யாண வீடு என்றால் மொய்க் கவரை அப்பா கையில் கொடுத்துவிட்டு நைட் ஷிப்டு என்று நழுவிவிடுகிறான். அதைப் பார்க்கப் பார்க்கத் துளசிராமனுக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் தரகர் ஆதிநாராயணன்தான் வழி சொன்னார். "சென்னைன்னே சொல்லிடு நைனா. நம்ம பக்கத்து ஆளுங்க வெளியூர் போனா எல்லாரும் அப்பிடித்தான சொல்றாங்க? லோக்கல் ட்ரெயின்ல ஒரு தூக்கம் போட்டா சென்னை. இதுல இன்னா பொய் இருக்குது?"

சொன்னார். பலித்தது. போளூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையே வருகிறோம் என்றார்கள். ஊரைச் சுற்றிப் பார்த்த மாதிரியும் இருக்கும், பேசின மாதிரியும் இருக்கும் என்றார்கள். துளசிராமனுக்குச் சென்னையில் தெரிந்ததெல்லாம் சென்ட்ரல் ஸ்டேஷனும், மனைவி அஞ்சம்மாளுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது போன எதிர்ப்பக்கத்து ஜி.எச்.சும்தான்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியா சம்பந்தி," என்றார் இப்போது. "கப்பலுக்கெல்லாம் லீவு."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள் வெளியே வந்தன. சுப்பராயன் அவற்றையே பார்த்தார்.

"அதெல்லாம் ஓவர்டைம்," என்றாள் கூட நின்ற அஞ்சம்மாள்.

நாலு பேரும் ஒரு ஆட்டோவில் நெருக்கி ஏறினார்கள். துளசிராமன் ஓட்டுநர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பின்னால் கேட்காதபடி, "கப்பலு தெரியுற எடமா ஒண்ணு காட்டுப்பா," என்றார். ஓட்டுநரின் பெயர் அந்தோணி என்று கண்ணாடியில் எழுதியிருந்தது.

"ஊருக்குப் புச்சா?" என்றான் அந்தோணி, சத்தமாகவே.

"நானா? நான் இங்கயே பொறந்து வளந்தவன்ப்பா."

"ஓகோ," என்று சொல்லி, அவன் நேராகக் காசிமேட்டில் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமைக் காசிமேட்டைக் கேட்க வேண்டுமா? பாதி சென்னை அங்கே மீன் வாங்க நின்றது. சுப்பராயன் கூட்டத்தில் முண்டியடித்து வரிசையாகக் கட்டியிருந்த விசைப்படகுகளைப் பார்த்தார்.

"ஏங்க, கப்பலெல்லாம் ரொம்பச் சின்னதா இருக்குதே?"

"இதெல்லாம் கன்னுக்குட்டி மாதிரி சம்பந்தி. பெருசுங்களத்தான் அங்க உள்ள கட்டி வச்சிகினு இருக்காங்க."

சொல்லிக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தார். கால் சங்கரா மீன் கூடைக்குள் போனது.

"யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று எழுந்தாள் மீன்காரம்மா. "எந்த ஊர்க்காரன்யா நீ?"

"லோக்கல்தாம்மா."

"லோக்கல் ஆளா நீயி? லோக்கல் ஆளு எவன்யா வெள்ளை வேட்டி கட்டிகினு ஏலத்துக்கு வருவான்?"

கூடையை அவள் வெடுக்கென்று இழுத்ததில் ஐஸ் தண்ணீர் பறந்து சந்திரகலாவின் பட்டுப்புடவையில் விழுந்தது. சந்திரகலா முந்தானையை உதறினாள். சம்பந்தம் பேசவென்றே கட்டி வந்த புடவை.

அஞ்சம்மாள் பதறிப்போய், "ஒண்ணும் ஆவாது, ஊட்டுக்குப் போயி நல்ல தண்ணில அலசினா போயிடும்," என்றாள்.

"ஆமாக்கா," என்றாள் சந்திரகலா. "வாங்க, உங்க வீட்டுக்கே போயிடலாம்."

அஞ்சம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் மீனைப் பார்த்தார்.

"ஊட்ல பெயிண்டு வேலை நடக்குது," என்றார்.

"பரவால்லைங்க. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறோம். பொண்ணு குடுக்கிற வீட்டைப் பாக்க வேணாமா?"

மறுபடியும் ஆட்டோ. பாரிமுனை வந்தபோது மரங்களுக்கு மேலே சிவப்பாகக் கோபுரங்கள் தெரிந்தன. ஏதோ பெரிய பங்களா போலிருந்தது. துளசிராமன் கையை நீட்டிவிட்டார்.

"தோ, அதுக்குப் பின்னாடி தெருதான்."

"அது ஐகோர்ட்டு," என்றான் அந்தோணி.

"கோர்ட்டுக்குப் பின்னாடி எதுக்குங்க வீடு?" என்றார் சுப்பராயன் மெதுவாக. "ஏதாச்சும் கேஸ் இருக்குதா? பங்காளித் தகராறா?"

"சேச்சே. காத்து நல்லா வரும்."

"அப்ப நிறுத்துப்பா, ஒரு எட்டு பாத்துடலாம்."

துளசிராமன் அந்தோணியின் தோளை இறுக்கிப் பிடித்தார். "நிறுத்தாத. போய்க்கினே இரு. எங்கயாச்சும் ஒசரமான எடத்துக்கு இட்டுனு போ."

"நல்லா பேஜாரு புடிச்ச சவாரிய்யா," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் மெரினா கலங்கரை விளக்கத்துக்கு ஓட்டினான்.

லிப்டில் ஏறி மேலே போனதும் நிலைமை கொஞ்சம் தேவலை. கடல் கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தது. வடக்கே, துறைமுகத்துக்கு வெளியே, நிஜமான கப்பல்களே நின்றன. சுப்பராயன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினார். சந்திரகலா புடவையை மறந்து சிரித்தாள். துளசிராமனுக்குப் போன உயிர் திரும்பியது.

"இங்கேருந்து உங்க வீடு எந்தப் பக்கங்க?" என்றார் சுப்பராயன்.

துளசிராமன் கடற்கரையோரமாகக் கையை நீட்டினார். "அப்பிடியே நேரா வடக்க." காலையிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"ஒண்ணும் தெரியலைங்களே."

"நடுவுல கொஞ்சம் ஊருங்க இருக்குது," என்றாள் அஞ்சம்மாள்.

கீழே வந்து மணலில் உட்கார்ந்தார்கள். சுண்டல் வந்தது, பஜ்ஜி வந்தது, எல்லாம் துளசிராமன் உபயம். இனி தள்ளிப்போட முடியாது என்று அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப தட்டு எப்ப மாத்திக்கலாம் சம்பந்தி?"

சுப்பராயன் பஜ்ஜியைக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. பட்டணத்துல குடுக்க எங்களுக்கு மனசு வரலை. எங்க பூமிகா மாடு கன்னு, நடவு, களையெடுப்புன்னு வளந்த பொண்ணு. கோர்ட்டுக்குப் பின்னாடி காத்து வாங்கிக்கிட்டு அவளால இருக்க முடியாதுங்க. சொந்தமா நிலம் இருக்கணும், பையனுக்குப் பக்கத்துலயே கம்பெனி வேலை இருக்கணும். எங்க ஆசை அவ்ளோதான்."

துளசிராமனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அட கடவுளே, இதற்கா காலையிலிருந்து இந்தப் பாடு? எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நான் சொன்னதெல்லாம் பொய்யி. நாங்க மெட்ராஸே இல்ல. எங்களுக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம். நிலம் இருக்குது, போர் இருக்குது, ரெண்டு எருமை இருக்குது. பையனுக்கு தேர்வாய் கண்டிகையில வேலை. பைக்குல போனா டீ ஆறுறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துடுவான். எங்க புள்ளைக்குப் பொண்ணே அமைய மாட்டேங்குதேன்னு அப்பிடிச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுப்பராயன் மனைவியைப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, இப்ப தட்டு மாத்திக்கலாமா?" என்றார் துளசிராமன்.

"கும்மிடிப்பூண்டி ரொம்ப நல்ல ஊருங்கண்ணே," என்றாள் சந்திரகலா, சுண்டல் பொட்டலத்தை மடித்துக்கொண்டே. "நேத்துதான் பூமிகாவுக்கு அங்க ஒரு பையனப் பேசித் தட்டு மாத்தினோம். வந்தது வந்தோம், மெட்ராஸையும் பாத்துடலாமேன்னா, சுத்திக் காட்ட எங்களுக்கு உங்கள விட்டா இங்க யாருங்க இருக்காங்க?"