மஞ்சக்குட்டையில் கொழுப்பு இறங்கிய வரலாறு

மனித இதயத்தின் விலை முந்நூறு ரூபாய். ஜீப் வாடகை தனி. பேரம் கிடையாது. சேர்வராயன் மலையில் காப்பிக்கும் மிளகுக்கும்கூட இவ்வளவு நாணயமாக யாரும் விலை சொன்னதில்லை. ரத்தக் கொழுப்பைக் கரைக்கும் புது மாத்திரையைச் சோதிக்க, மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் குழு மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்தில் வந்திறங்கி மாத்திரை விழுங்குபவருக்கு மாதாமாதம் இந்தத் தொகை என்று அறிவித்தது. விஞ்ஞானம் மலையேறிய புண்ணிய நாள் அது.

நாள் குறித்தவர்கள் மகா மேதைகள். மாரியாயி நோம்பிக்கு மறுநாள்! ஊரே கிடா வெட்டி, மிச்சக் கறியைக் காலையில் சுடவைத்துத் தின்றுவிட்டு வந்து வரிசையில் நின்றது. ரத்தம் கொடுக்கப் போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அந்த ஊட்டுக்கு என்ன மானம்?

முதல் ஆள் காப்பித் தோட்டத்து அங்கப்பன்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர் கீர்த்திகா.

"ஏனுங்க, விருந்தாளி நீங்க. அதை நாங்கல்ல உங்களைக் கேக்கோணும்!"

டாக்டர் சிரித்தபடி 'வெறும் வயிறு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பின்னால் நின்றவர்களுக்கும் சேர்த்தே அடித்தார். விஞ்ஞானத்துக்கு நேரம் முக்கியம்.

நாற்பது பேர் ரத்தத்திலும் கிடா நீந்தியது. நாற்பது பேரும் தேர்வானார்கள். தேறாதவர் ஒருவர்தான்: எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ், அங்கப்பனின் உயிர்ச் சேக்காளி. கறியே தொடாத மனிதர். ஆனால் அவருடைய அப்பாவும் அண்ணனும் ஐம்பதைப் பார்க்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். இவருக்கு நாற்பத்தெட்டு. அந்தப் பயத்தில்தான் வந்திருந்தார்.

"பரம்பரைக் கொழுப்பு. ரொம்ப அதிகம். எங்க சராசரியையே கெடுத்துடுவீங்க. நீங்க போகலாம் சார்" என்றார் டாக்டர்.

"போலாம்னா... எங்கீங்க?"

"அடுத்தவர்!"

வெளியே வந்த ரைட்டர் முகத்தைப் பார்த்தார் அங்கப்பன். தனக்குக் கொடுத்த மாத்திரை டப்பாவை அவர் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"நொம்ப ரோசிக்காதீங்க ரைட்டரே. எனக்கிருக்கறது கெடாக் கொழுப்பு. கரடியூர் மேட்டை நாலுவாட்டி ஏறி எறங்குனா கரைஞ்சிரும். நீங்க முழுங்குங்க."

"ஏமாத்தறது பாவமில்லீங்களா, அங்கப்பண்ணா?"

"அதுக்குத்தான் உங்க சாமியார் சும்மா உக்காந்திருக்கறாரே!"

அன்றிலிருந்து ரைட்டர் இரவுதோறும் சிலுவை போட்டுக்கொண்டு மாத்திரையை விழுங்கினார். அங்கப்பன் மாதந்தோறும் காலி டப்பாவைக் காட்டி, முந்நூறை வாங்கிவந்து அவரோடு டீ குடித்தார்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கும் மேதைகளே நாள் குறித்தார்கள்: புரட்டாசிச் சனிக்கிழமை. ஊரில் கறிச்சட்டி கவிழ்ந்து பல நாளாகியிருந்தது. அன்று பெருமாளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் படாத விரதம். நாற்பது பேர் கொழுப்பும் பாதியாய் இறங்கியிருந்தது. டாக்டருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. எல்லோரையும்விட அதிகமாக இறங்கியது அங்கப்பனுக்கு.

மறுவாரம் எஸ்டேட் வாசலில் ரைட்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சேலத்துக்கு ஓடிய ஜீப், கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் அவசரம் நீங்கித் திரும்பி வந்தது.

அதன் பிறகு வெற்றி விழா. பொன்னாடை அங்கப்பனுக்கு. "மாத்திரையோட மகிமையை உங்க வாயால சொல்லுங்கய்யா" என்று மைக்கையும் கொடுத்தார்கள்.

"நான் ஒண்ணுகூட முழுங்கலீங்க. அத்தனையும் ரைட்டர்தான் முழுங்குனார். ஞாயித்துக்கிழமை அடக்கம் பண்ணிட்டமுங்க."

"ஐயாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு!" என்று டாக்டர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

மேடைக்குப் பின்னால் அங்கப்பன் டாக்டரை மறித்தார். "அன்னைக்கு நீங்க திருப்பியனுப்புன ரைட்டருக்குன்னு ஒரு மருந்தும் இல்லீங்களா?"

"ஏன் இல்லாம? ஹெல்த் சென்டர்ல இலவசமா தர்ற பழைய மாத்திரை இருக்கு. அன்னைக்கே ஆரம்பிச்சிருந்தா நல்லா குறைஞ்சிருக்கும்."

"அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"அவர்தான் எங்க ஆய்விலேயே இல்லையே!" என்றார் டாக்டர், உண்மையான வியப்போடு.

அறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. சேர்ந்தவர் நாற்பது. கொழுப்பு குறைந்தவர் நாற்பது. இறந்தவர் இல்லை.

கணக்கில் பிசகே கிடையாது. மஞ்சக்குட்டையில்தான் ஓர் ஆள் குறைகிறது.