ஐந்தாவது ஆள் யாரும் இல்லை, மாமா

மடுல்சீமை,
புதன்கிழமை.

அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய மாமா அழகையா அவர்களுக்கு,

மருமகன் கிரிஷாந்தன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் உங்கள் மகள் ஜெயந்தினியும் நலம். ஆக நாலு பேர். ஐந்தாவதாக எவரும் வாசலிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அத்தை ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். நான் சொல்வது அவருக்குக் கேட்பதில்லை, பக்கத்துக் காம்பராப் பெரியாயி அக்காவுக்குத்தான் கேட்கிறது.

நடந்தது இதுதான். புதுசாகக் கல்யாணமானவர்களைப் பார்க்க மிட்வைஃப் மர்லியா மிஸ் லயத்து வரிசை வீடுகளுக்கு வருவார். எங்களிடமும் வந்தார். பிள்ளையை எப்போது பெறலாம், அதுவரை என்ன வழி என்று மாத்திரை, ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கிற குச்சி, நாள் கணக்கு எல்லாவற்றையும் நல்ல தமிழில், நல்ல சத்தமாக விளக்கினார். எங்கள் காம்பரா அறைகளுக்கு நடுச் சுவர் கூரைவரை போகாது. வெள்ளைக்காரன் மிச்சம் பிடித்த அந்த இடைவெளி வழியாகப் பெரியாயி அக்காவும் பாடம் கேட்டார். நடுவில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்டார்.

நான் நாள் கணக்கே போதும் என்றேன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை நான், கணக்குத்தானே என் தொழில். கலண்டரை எடுத்து ஆகாத நாட்களுக்குச் சிவப்புக் கோடு போட்டு ஒழுங்காகத்தான் நடத்தினேன். அடுத்த தடவை வந்த மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது, நடுநடுவுல நாளையே காணோம்?" என்றார். "அது ஞாயிறு மிஸ். அது போயா, பௌர்ணமி லீவு. அது மழைக்கு வேலை நிறுத்துன நாள். பேர் விழாத நாள எப்படி மிஸ் நாளுன்னு எண்றது?" என்றேன். தோட்டத்தில் வேலைக்கு வந்த நாளுக்குத்தான் பேர் விழும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மூன்று தலைமுறையாக நமக்கு அது நாளே இல்லை. மிஸ் தலையில் கை வைத்தார். "ஞாயித்துக்கிழம லீவு தோட்டத்துக்குத்தான் தம்பி. அவ ஒடம்புக்கு யாரு லீவு குடுத்தா?"

உடனே ஜெயந்தினிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. ஒன்றும் இல்லை என்று வந்தது. கல்யாணமான பெண்களுக்கெல்லாம் கொடுக்கிற சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு மிஸ் போய்விட்டார். ஆனால் பரிசோதனை என்ற சொல் காதில் விழுந்ததுமே பெரியாயி அக்கா செய்தியோடு, எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பைப்படிக்குப் போயிருந்தார். முடிவைக் கேட்க அவர் இருக்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு மரியாதைதான். கங்காணி உங்கள் மகளைச் சரிவு மலையிலிருந்து மாற்றிச் சமதரையில் கொழுந்தெடுக்க விட்டார். ஆட்கள் குறைந்துவிட்டதால் பிள்ளைக் காம்பராவை மூடப் போகிறார்களாம். அங்கே பிள்ளை பார்க்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒன்னோட நிறுத்திறாதீங்க" என்றார். பொறுக்க முடியாமல், அப்படி ஒன்றுமே இல்லை என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அன்று பின்னேரமே துக்கம் கேட்க வந்துவிட்டார்கள், மாமா! "போனது போகட்டும், வயசு இருக்கு" என்று பெரியாயி அக்கா கோழிச் சாறு கொண்டுவந்தார். வராததற்கு எப்படி மாமா துக்கம் கொண்டாடுவது? ஜெயந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு குடித்தாள். எனக்கு ஒரு வாய்கூடத் தரவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். நீங்கள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏழாம் மாதத்து வளையலை இப்போதே வாங்கிவிட்டீர்களாம். வெள்ளிக்கிழமை வேன் பிடித்து வந்து மகளை ஹல்துமுல்லை வீட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறீர்களாம். அதுகூடப் பரவாயில்லை. பதுளையில் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்த இடத்தை, "மக முழுகாம இருக்கு, வராது" என்று போன் போட்டு வேண்டாம் என்றிருக்கிறீர்கள். யாரைக் கேட்டீர்கள்? எங்கள் அம்மா காலத்தில் பெண்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிள்ளை பெறாமல் ஆக்கி, அதே லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்குப் பெற்றுக்கொள் என்று லயமே துரத்துகிறது. இப்போதும் யாரும் கேட்கவில்லை. பெற்றால் எங்கே கிடத்துவது? இருப்பது ஒரு காம்பரா, நடுவில் அம்மாவின் பழைய சேலைதான் மறைப்பு. பெரிய மழை வந்தால் மண் சரியும், பள்ளிக்கூடத்தில் போய்ப் படுங்கள் என்கிறார்கள். பச்சைப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாங்குப் பலகைக்கு அடியிலா போடுவேன்?

ஆகையால் நானும் ஜெயந்தினியும் உட்கார்ந்து பேசி, இரண்டு வருஷத்துக்குப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். இது எங்கள் இருவருடைய முடிவு. வேனை நிறுத்துங்கள். திங்கட்கிழமைக்குள் பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டு, மகள் வருவாள் என்று சொல்லுங்கள். இடம் போனால் போனதுதான்.

உங்கள் பசு கன்று போட்டதாகக் கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. அதையாவது யாரும் விசேஷம் கேட்டு அரித்திருக்கமாட்டீர்கள். அத்தை வடிவம்மாவுக்கு என் வணக்கம். அம்மன் அருளால் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், கொஞ்சம் பொறுமையோடும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள, ஆனால் இந்த ஒன்றில் கீழ்ப்படியாத மருமகன்,
கிரிஷாந்தன்

பி.கு.: அப்பா, ஜெயந்தினி எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். உட்கார்ந்து பேசுனது அவரும் கலண்டரும்தான். நான் அப்ப மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். நீங்க யாருக்கும் போன் போட வேணாம். போன வாரம் நானே பதுளைக்குப் போயி, எனக்கு ஒன்னும் இல்ல, வர்றேன்னு சொல்லி இடத்தை வாங்கிட்டேன். அப்படியே கிளினிக்குக்கும் போயி, மிஸ் சொன்ன குச்சியக் கையில வச்சுக்கிட்டேன். அஞ்சு வருஷம் தாங்குமாம். இவர்கிட்ட இன்னும் சொல்லல. இப்ப ஞாயிறையும் சேத்து ரொம்பக் கவனமா கோடு போட்டுக்கிட்டு இருக்காரு, பாவம். வேனை மட்டும் நிறுத்திறாதீங்க அப்பா. அத திங்கக்கிழமைக்கு மாத்துங்க, அன்னைக்கு பதுளை விடுதியில சேரணும், என் பெட்டியையும் மெத்தையையும் பஸ்ல ஏத்த விடமாட்டாங்க.