சந்தோஷத்துக்குச் சாட்சிக் கையெழுத்து

இயேசு மரி சூசை துணை

தோ பாயோ, சிங்கப்பூர்
14.8.1984, செவ்வாய், காலை மணி 9.05

மதிப்பிற்குரிய மச்சான் மரியஅந்தோணி அவர்களுக்கு, உங்கள் தங்கை ஆனியின் கணவன் லாசரஸ் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் மகள் பிரிஜட்டும் இங்கே சுகம். குளுவாங்கில் நீங்களும் அக்காவும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். பதினொரு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இன்று எதற்கு எழுதுகிறான் என்று உறையைப் பார்த்ததுமே நினைத்திருப்பீர்கள். எனக்கு உங்கள் கையெழுத்து ஒன்று தேவைப்படுகிறது. உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு படிவம் இருக்கும். "மேற்படி லாசரஸ் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்பதை அவருடைய நெருங்கிய உறவினனாகிய நான் நேரில் கண்டு உறுதி கூறுகிறேன்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதன் கீழே போட்டு அனுப்பினால் போதும். நேரில் கண்டு என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காகப் புறப்பட்டு வரவும் வேண்டாம். திருப்பி அனுப்ப உறையும் வைத்திருக்கிறேன். அதில் ஒட்ட மலேசியத் தபால்தலை இங்கே கிடைக்கவில்லை. அதற்கு மன்னிக்கவும்.

இந்தக் கஷ்டகாலம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிரிஜட் பூன் லேயில் புது வீடு வாங்கிப் போனபின் ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வந்து என்னைச் சோதனை போடுகிறாள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குள் போனவள், அரிசி டின் போன மாதம் இருந்த அளவிலேயே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று வேளையும் ரொட்டியும் கோப்பியும்தான் என்று ஒப்புக்கொண்டேன். "அப்பா, நீங்க சிரிச்சு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?" என்றாள். உங்க அம்மா இருந்தபோதும் நான் சிரித்ததில்லையே என்றேன். "அப்ப அம்மா சிரிச்சாங்க. அது வீட்டுக்குப் போதுமா இருந்துச்சு" என்றாள். நான் அரிசி டின்னை மூடி வைத்தேன். மறுவாரமே ஒரு பெரிய பார்சல் வந்தது. இன்பமனப் பயிற்சியாம், பன்னிரண்டு வாரம். பாடம் கேசட்டில் தபாலில் வரும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாம் போன் போட்டு, அந்த வாரம் நம் சந்தோஷம் பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். "பாஸ் பண்ணி சர்டிஃபிகேட் காட்டுங்க, நீங்க இங்கேயே இருக்கலாம். இல்லன்னா இந்த ஃபிளாட்டைக் குடுத்துட்டு என்கூட பூன் லேக்கு வந்துடணும். வேற பேச்சே இல்ல லா" என்று சொல்லிவிட்டாள். பூன் லே வீட்டில் ஒரு குறையும் இல்லை, மச்சான். எனக்கென்று தனி அறை, ஜன்னலுக்கு வெளியே மரம்கூட உண்டு. ஆனி மட்டும் அந்த வீட்டுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை.

ஆகவே, அறுபது வயதில் பாஸ் பண்ணத்தான் வேண்டும் என்று உட்கார்ந்தேன். கேசட்டில் பேசுகிறவர் திரு. அலெக்சாண்டர் என்று ஒருவர். மிட்டாயை வாயில் மென்றுகொண்டு பேசுகிறவர் மாதிரி அவ்வளவு இனிப்பாகப் பேசுகிறார். முதல் பாடம், காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்த்து இரண்டு நிமிடம் சிரிப்பது. எங்கள் குளியலறைக் கண்ணாடியை மாட்டியது ஆனி. அவள் உயரம்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் நேராக நின்றால் அதில் என் சட்டைப் பொத்தான்தான் தெரியும். பொத்தானைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? குனிந்து சிரித்தேன். நான்காம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல், அதே சிரிப்போடு வாசலுக்கு வந்து எதிர்வீட்டுப் பூவம்மாவைக் கூப்பிட்டேன். அந்தம்மா என்னைப் பார்த்து அலறிய அலறலில் பத்தாம் மாடி வரை கதவு திறந்தது. கண்ணாடியை உயர்த்தி மாட்டலாமே என்று பிரிஜட் கேட்டாள். ஆணி சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் பாடம், தினமும் ஐந்து அந்நியர்களைப் பார்த்துப் புன்னகைப்பது. என் குணம் உங்களுக்குத் தெரியும். எதையும் இழுத்துக்கொண்டிருக்க மாட்டேன். காலை 7.15க்குள் லிஃப்ட்டிலேயே ஐந்தையும் முடித்துவிடுவேன். இத்தனை வருஷம் கடுகடுவென்று இருந்த மனிதன் திடீரென்று பல்லைக் காட்டினால் என்ன நினைப்பார்கள்? எனக்கு நாலு நம்பர் லாட்டரி விழுந்துவிட்டது என்று எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கப் பேச்சாகிவிட்டது. என் வீட்டு நம்பரைப் பத்துப் பேர் எழுதிப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் விழவில்லை. இப்போது நான் ஏறினால் லிஃப்ட்டில் எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள். ஐந்து பேருக்கு நான் பாசார் சந்தை வரை நடக்க வேண்டியிருக்கிறது.

மார்க் விஷயம்தான் எனக்குத் தலைவலியாகிவிட்டது. முதல் புதன் போனில் ஒரு பெண், "இந்த வாரம் எவ்வளவு அங்கிள்?" என்று கேட்டது. இரண்டு என்று உண்மையைச் சொன்னேன். அது "அய்யோ" என்றது. எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துப் பாவமாகிவிட்டது. அடுத்த வாரம் மூன்று என்றேன். அதற்கடுத்து நான்கு. ஏழாம் புதன் திரு. அலெக்சாண்டரே லைனில் வந்து, "மிஸ்டர் லாசரஸ், உங்க கிராஃப் மாதிரி ஒரு கிராஃப் நான் பார்த்ததே இல்ல! ஒரே நேர்க்கோடு!" என்று வாழ்த்தினார். நேர்க்கோடாகத்தானே இருக்கும், துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராகக் கோடு போட்டவன் நான். அத்தனை வருஷத்தில் ஒரு கூலியாளுக்குக்கூட ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. வாசலுக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மை. அப்படிப்பட்டவன் வாராவாரம் பொய்க் கணக்குக் கொடுத்தால் மனசு கேட்குமா? பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"ஃபாதர், நான் எட்டுன்னு பொய் சொல்லிட்டேன்."

"என்ன எட்டு?"

"சந்தோஷம், ஃபாதர். உண்மையில ரெண்டுதான்."

கூண்டுக்குள் ஃபாதர் இரண்டு தடவை இருமினார். பிறகு மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். நான் எழுந்திருக்கும்போது, அந்தப் பயிற்சியின் போன் நம்பர் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

எட்டாம் பாடம், இருபத்தொரு நாள் வாயில் ஒரு சோகமான வார்த்தையும் வரக்கூடாது, முகமும் வாடக்கூடாது. ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினான்காம் நாள் ஏழாம் மாடி முத்துசாமி இறந்துபோனார். புளோக்கின் கீழே பந்தல் போட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். போகாமல் இருக்க முடியுமா? போனேன். அவர் மனைவி ரத்தினம்மாவிடம் சோகமில்லாமல் என்ன சொல்வது என்று யோசித்து, "இந்த இடத்துல நல்லா காத்து வருதும்மா" என்றேன். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றது. இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். முத்துசாமியின் தம்பி ஈப்போவிலிருந்து வந்துகொண்டிருந்தார். மணி இரண்டரை ஆனது, மூன்று ஆனது. வாடகை பஸ்காரர் முணுமுணுத்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத் தவிர. நான்கு மணிக்கு அந்தத் தம்பி கையில் மாலையோடு ஓடி வந்து, அண்ணன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். அதன்பிறகுதான் மூடினார்கள். நான் அழுதுவிட்டேன், மச்சான். லேசாக அல்ல. செத்தவருடைய சொந்தத் தம்பியே என்னைத் திரும்பிப் பார்த்தார். ரத்தினம்மா எழுந்து வந்து, "அண்ணே, அழாதீங்க. எல்லாரும் ஒரு நாள் போறதுதானே" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தது. ஆனியின் அடக்கத்தன்று ஒரு சொட்டு விடாதவன் இன்னொருவர் வீட்டுத் துக்கத்தில் அப்படி அழுதேன். பதினான்கு நாளும் போச்சு. மறுநாள் ஒன்று என்று மறுபடி எண்ணத் தொடங்கினேன். ஏன் அழுதேன் என்பதற்கும் இந்தப் படிவத்துக்கும் சம்பந்தமில்லை.

இதைச் சொல்லும்போது, ஆனியின் அடக்கத்தன்று நடந்ததைப் பற்றியும் நீங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கக்கூடாது. பூசை நான்கு மணிக்கு. பஸ்காரர் அவசரப்படுத்தினார். ஃபாதருக்கும் அடுத்து வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை எல்லைப் பாலத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று யார் கண்டது? 3.30க்குப் பெட்டியை மூடினோம். நீங்கள் 4.12க்குக் கோயிலுக்குள் வந்தீர்கள், பிறந்த வீட்டுச் சேலையைப் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. பூசை முடிந்ததும் வாசலில் வைத்து, "என்னைச் சிவப்பு மையில எழுதிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேலையோடு திரும்பிப் போய்விட்டீர்கள். சந்தர்ப்பம் அப்படி. யாரைச் சொல்லி என்ன.

ஒன்பதாம் பாடம், நாம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவருக்குக் கடிதம் எழுதுவது. எழுதி அனுப்பிவிட்டேன் என்று போனில் சொல்லி அதற்கும் மார்க் வாங்கிவிட்டேன். எழுதவில்லை. இது அந்தக் கடிதமும் இல்லை. இது கையெழுத்துக்கான கடிதம். சர்டிஃபிகேட் வாங்க அந்த மஞ்சள் படிவத்தில் பிள்ளைகள் கையெழுத்துச் செல்லாது, நெருங்கிய உறவினர்தான் போட வேண்டும் என்கிறார்கள். ஆனி போனபின் எனக்கு அப்படி இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

வரும் செப்டம்பர் 22ஆம் தேதி, சனிக்கிழமை, ஆனியின் வருடப் பூசை. மாலை மணி மூன்றுக்கு. சனிக்கிழமை பாலத்தில் நெரிசல் தாங்காது. உங்கள் முழங்காலுக்கும் ஆகாது. ஆகவே, சிரமப்பட வேண்டாம். படிவம் மட்டும் வந்தால் போதும். நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். போன வாரம் பத்துக்கு ஒன்பது.

அக்காவுக்கு என் வணக்கம். மாதா உங்கள் இருவரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
லாசரஸ்

பி.கு: மணி 12.40. உறையை ஒட்டுமுன் படித்துப் பார்த்தேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அது தபால்தலைக்கு. மஞ்சள் படிவத்தை எடுத்துவிட்டேன், தேட வேண்டாம். பஸ்காரர் அவசரப்படுத்தவில்லை. ஃபாதர் இன்னும் அரை மணி பார்க்கலாம் என்றுதான் சொன்னார். மூடச் சொன்னது நான். மூன்றரை என்றால் மூன்றரைதான் என்று சொன்னேன். இதை பிரிஜட்டிடம்கூடச் சொன்னதில்லை. தங்கை முகத்தை நீங்கள் பார்க்கவிடாமல் செய்தது நான்தான், மச்சான். என்னை மன்னித்துவிடுங்கள். நாளைக் காலை போனில் இரண்டு என்று சொல்லப்போகிறேன். அதற்காக பூன் லே போக வேண்டும் என்றால் போகிறேன். அந்தக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால் சரி. இப்போதுதான் ஃபாதருக்குப் போன் பண்ணி, 22ஆம் தேதி மூன்று மணிப் பூசை வேண்டாம், சுவா சூ காங்கில் கல்லறையிலேயே ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். எத்தனை மணிக்கு என்றார். என் மச்சான் வந்த பிறகு என்றேன். அந்தச் சேலை இன்னும் இருந்தால் கொண்டு வாருங்கள். ஆனி மேல் ஒரு தடவை விரித்துவிட்டு, தாய்மாமன் கையால் பிரிஜட்டுக்குக் கொடுங்கள். அவளும் துக்கம் கழிக்கட்டும். இருட்டுவதற்குள் வந்தால் நல்லது. இருட்டிய பிறகு வந்தாலும் பரவாயில்லை, விளக்குக் கொண்டு வருகிறேன். கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.