அராபா மால்டாவுக்கு வரமாட்டா

மனைவிக்குத் தெரியாமல் எதையும் செய்வதில்லை என்ற கொள்கையை கோபினா எஷுன் கல்யாணமான நாளிலிருந்து காப்பாற்றி வந்தார். செய்ய முடிந்ததில்லை என்பதுதான் காரணம். ஆகவே, மால்டா தீவுக்குத் தனியாகப் போவது என்று அவர் தீர்மானித்தபோது, அதையும் அராபாவிடம் சொல்லியே செய்ய நினைத்தார். அவள் வாயாலேயே "நான் வரலை" என்று வரவேண்டும். அதுதான் திட்டம்.

கானா நாட்டு டகோராடித் துறைமுகத்தில், கடல் எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று கப்பல்களுக்குச் சொல்லும் வேலை அவருக்கு. ஒரு நாள் ஒரு மாலுமி பேச்சுவாக்கில், "மால்டா பக்கம் கடல் ஏறுறதும் இல்லை, இறங்குறதும் இல்லை. ஒரு சாண் அசைஞ்சா அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எஷுனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஏறாத கடலா! அதன் கரையில் படகை எங்கே கட்டுவார்கள்? நண்டு எப்போது வெளியே வரும்? கடலுக்கே வேலை இல்லாத ஊரில் தன்னைப்போல் ஒருத்தர் ஆபீசுக்குப் போய் என்ன செய்வார்? நாட்டை விட்டு ஒரு தரம்கூட வெளியே போகாத மனுஷர், இதைப் பார்த்தே தீருவது என்று கிளம்பினார்.

தனியாகப் போகக் காரணம் இருந்தது. அராபா சந்தையில் துணிக்கடை வைத்திருந்தாள். எந்த ஊருக்குப் போனாலும் அவள் முதலில் நுழைவது துணிக்கடை. ஒரு தரம் குமாசி நகரத்துக்குப் போனபோது எஷுன் பார்த்ததெல்லாம், தன் தோளில் ஏறிய மூட்டைகளுக்கு நடுவே தெரிந்த கொஞ்சம் தரைதான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து கென்கே என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"மால்டான்னு ஒரு தீவு இருக்கு அராபா. ரெண்டு பேரும் போகலாமான்னு பாத்தேன். ஆனா உனக்குப் பிடிக்காது."

"ஏன்?"

"வெறும் பாறை."

"பாறையில ஜனங்க எப்படி இருப்பாங்க?"

"குடைஞ்சுக்கிட்டு இருப்பாங்க."

அராபா கண்ணை விரித்தாள். "அப்புறம்?"

"மிளகாயே கிடையாது. முயல்தான் சாப்பாடு."

"காலையிலயுமா?"

"காலையில குட்டி முயல்."

"அடப்பாவமே! துணி?"

இதற்காகத்தானே காத்திருந்தார். "துணிக்கடையே இல்லை. எல்லாருக்கும் ஒரே நிறம். சாம்பல்."

"கல்யாணத்துக்கு?"

"அடர் சாம்பல்."

"சாவுக்கு?"

"சாவுக்கு யாரும் போறதே இல்லை."

"சாவுக்குப் போகமாட்டாங்களா!" அராபா மீனைக் கீழே வைத்துவிட்டாள். "அது என்னங்க ஊரு?"

"குளிர் வேற. கடல்ல காலை வைக்க முடியாது."

"அப்படிப்பட்ட ஊருக்கு நீங்க எதுக்குப் போறீங்க?"

"கடல் சம்பந்தமா கத்துக்க வேண்டியிருக்கு. தியாகம்னு வெச்சுக்கோயேன்."

"சரிதான். நீங்களே போய்ட்டு வாங்க. நான் வரலை."

மால்டாவுக்கு மனைவி வரமாட்டா! அந்தச் சந்தோஷத்தில் எஷுன் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அராபாவுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

இரண்டாவது சந்தேகம், அவர் வாங்கிவந்த பையைப் பிரித்தபோது. உள்ளே மஞ்சள் பூப்போட்ட நீச்சல் டிராயர்.

"குளிர் ஊருக்கு இது எதுக்கு மிஸ்டர் எஷுன்?"

அவள் 'மிஸ்டர்' போட்டால் வானிலை சரியில்லை என்று அர்த்தம். "பேன்ட்டுக்கு உள்ளே போட்டுக்கறதுக்கு. கதகதன்னு இருக்கும்."

"பூ?"

"பூ இருந்தா இன்னும் கொஞ்சம் கதகதப்பு."

அராபா அதை மடித்து வைத்தாள். அந்த வாரமே, கடைக்குச் சரக்கு எடுக்கவேண்டும் என்று தலைநகர் அக்ராவுக்கு பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் எஷுன் அக்ரா போனார். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்காகப் போறீங்க?"

"கடலைப் பாக்க."

"எங்கே வேலை?"

"டகோராடித் துறைமுகத்துல."

"அங்கே கடல் இல்லையா?"

"இருக்கும்மா. ஆனா அது ஏறும், இறங்கும்."

"மால்டாவுல?"

"சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கற கடலைப் பாக்கவா இவ்வளவு தூரம்?"

எஷுன் நண்டு விஷயத்திலிருந்து விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் எழுத ஆரம்பித்தாள். விளக்க விளக்க எழுதினாள்.

கடைசியில் பாஸ்போர்ட் வெறுமனே திரும்பி வந்தது. பயண நோக்கம் நம்பும்படி இல்லையாம். வீட்டுக்கு வந்த எஷுன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, ஏறாத கடல், நண்டு என்று எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டிவிட்டார். அராபா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"விடுங்க. யாராவது ஒருத்தர் பாத்துட்டு வந்து சொன்னா ஆச்சு. கரையில ஒரு குச்சி நட்டு வெச்சு, தண்ணி எதுவரைக்கும் வருதுன்னு காலையிலயும் சாயங்காலமும் பாக்கறேன். நண்டையும் கவனிக்கறேன்."

"பாக்கறேன்னா? யாரு?"

அவள் தன் பாஸ்போர்ட்டைப் பிரித்துக் காட்டினாள். விசா பளபளவென்று ஒட்டியிருந்தது.

எஷுனுக்குத் தண்ணீர் புரை ஏறியது. "உனக்கு எப்படிக் கொடுத்தாங்க? என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். 'எங்க வீட்டுக்காரர் அந்த ஊரைப் பத்தி இப்படி இப்படிச் சொல்றார், இதுல எவ்வளவு பொய்னு நேர்ல பாக்கணும்'னேன். அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம், 'நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?'னு கேட்டாங்க."

"அதுக்கு?"

"'பொய்னு தெரிஞ்சப்புறம் வீட்டுக்கு வராம இருப்பேனாம்மா?'ன்னேன். அதுக்கு மேல ஒரு கேள்வியும் கேக்கலை."